கப்பல் நேரம்

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில்
வந்த கப்பல், போன கப்பல் எழுதினேன்.
பெயர், கொடி, நீரில் அமிழ்ந்த ஆழம்,
கயிறு அவிழ்த்த மணி, நிமிஷம்.
ஒன்றிலும் ஏறியதில்லை.
பணிக்கொடை வந்த வாரம்
மண்ணடியில் நைனா முகமதின் கடைக்குப் போய்
அட்லாண்டிக்கைக் கடக்கிற கப்பலில்
ஒரு சீட்டு என்றேன்.

ஒருத்தருக்கா, என்று மூன்று தரம் கேட்டார்.
பிறகு கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
தனியாளுக்கும் இரண்டாள் காசு.
அறைக்கு இரண்டு கட்டிலாம்,
வராதவருக்கும் வாடகை உண்டாம்.
வராதவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
சிரிக்கலாமா என்று அவர் யோசித்தார்.

"லிஸ்பனுக்கு நேரா பறக்கலாமே" என்றாள்
மாடிவீட்டு டெய்சி ராணி.
"அமெரிக்கா வரைக்கும் பறந்து, அங்கேருந்து
தண்ணியில திரும்பி வர்றதா?
தலையச் சுத்தி மூக்கத் தொடுற வேலை."
அவளுக்கு எப்படிச் சொல்வது,
எனக்கு மூக்கு வேண்டாம்,
சுற்றுவதுதான் வேண்டும் என்று.

மயாமியில் கயிறு அவிழ்த்தபோது
மாலை மணி நாலு பன்னிரண்டு.
கை சும்மா இருக்கவில்லை,
போர்டிங் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொண்டது.

அப்புறம் எட்டு நாள் தண்ணீர்.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
காசிமேட்டில் பார்க்கிற அதே தண்ணீர்தான்,
டீசல் வாடையையும்
ஐஸ் கம்பெனிச் சத்தத்தையும் கழித்துவிட்டு.

சாப்பாட்டு மேசையில் ஜோடி ஜோடியாய் ஆறு பேர்.
நீலச் சட்டை போட்ட ஒரு கிழவர்
உங்கள் கணவர் இன்னும் தயாராகவில்லையா என்றார்.
இல்லை, என்றேன்.
எனக்குத் தெரிந்து அறுபது வருஷமாகத்
தயாராகிக்கொண்டிருக்கிறார்.

அறையைப் பெருக்குகிற பையன் இரவுதோறும்
இரண்டு தலையணையிலும்
ஒவ்வொரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனான்.
முதல் இரவு அந்தப் பக்கத்துச் சாக்லேட்டைத் தொடவில்லை.
இரண்டாம் இரவு எடுத்து மேசையில் வைத்தேன்.
மூன்றாம் இரவு
இரண்டையும் தின்றுவிட்டு
குறுக்காகப் படுத்தேன்.

மதியம் பன்னிரண்டுக்கு ஒலிபெருக்கி சொல்லும்,
இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுங்கள்.
ஐந்து இரவு, ஐந்து மணி நேரம்
யாரும் வாழாமலே கடலில் போனது.
வரவு இருந்தது, செலவு இருந்தது,
இதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.
இரண்டு முறை முள்ளைத் திருப்பினேன்.
மூன்றாம் முறை மனசு வரவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள்
மீன் வாங்கப் போனால் தேசப்பன் பிடித்துக்கொண்டான்.
லாஞ்சில் தங்குகடல் போகிறவன்.
"எட்டு நாளு கடல்ல இருந்துட்டு
ஒரு மீனு கூடவா புடிக்கல?"
சுற்றியிருந்தவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு
தராசைப் பார்த்தபடி கேட்டான்:
"ராத்திரில இன்னா பண்ண?"
நின்னேன்.
"எங்க?"
பின்னாடி. கப்பல் கிழிச்சிட்டுப் போற தண்ணியப் பாத்துகினு.
அவன் அதற்குமேல் கேட்கவில்லை.
எடை போட்ட நெத்திலிக்கு மேல்
இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டான்.

இப்போதெல்லாம் மூன்று மணிக்கு விழிப்பு தட்டுகிறது.
படுத்துப் பார்த்து, எழுந்து, ராயபுரத்திலிருந்து
கடலோரச் சாலைக்கு நடக்கிறேன்.
ஜீரோ கேட்டை நோக்கிக்
கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நிற்கின்றன.
ஒன்றின் அடியில் ஒருவன் பாய் விரித்துத் தூங்குகிறான்.
மஞ்சள் பெட்டி, நீலப் பெட்டி,
எந்தக் கப்பலுக்கு எது என்று
இன்னும் என் வாய் முணுமுணுக்கிறது.

டீக்கடை பெஞ்சில் ஒரு டிரைவர்,
போன் செத்துப்போச்சு, மணி என்னக்கா என்றார்.
மணிக்கட்டைத் திருப்பினேன்.
நான் தள்ள மறுத்த நேரம்
நடுக்கடலிலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது.
"ஏழரை" என்றேன், யோசிக்காமல்.

அவர் வானத்தைப் பார்த்தார்,
முன்னால் நிற்கிற வண்டிகளைப் பார்த்தார்,
டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.
"ஏழரையா?
அது எனக்குல்லக்கா ஓடிக்கினுகீது."